தறியைப் போடுங்க அக்கா!

சென்ற வியாழக்கிழமை காலை எங்கள் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. சத்தமே இல்லை!

ஆரணியில் எங்கள் தெருவுக்கு வந்து போனவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கு விசைத்தறி. அவர் கொட்டகைக்கும் என் மேஜைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். எதிர்வரிசை முழுக்கக் கைத்தறி. மார்கழி பிறந்தால் கோயில் ஒலிபெருக்கி வேறு. இந்தச் சத்தத்தைப் பற்றி இதே வாரப் பத்தியில் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்! ‘இதில் மனுஷி எப்படிப் படிப்பது?’ என்று கேட்டதற்கு உங்களில் சிலர் ஆறுதல் சொன்னீர்கள். சிலர் வீட்டை மாற்றச் சொன்னீர்கள். யாரும் அட்வான்ஸ் அனுப்பவில்லை.

அன்று எனக்கு வைவா. பிஎச்.டி.க்காக எழுதிய ஆய்வேட்டை வைத்துக்கொண்டு தேர்வாளர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேலை, மகள் படிப்பு, சமையல் என்று இழுத்து இழுத்து, பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசமும் முடியப்போகிற நேரம். இதில் தவறினால் அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு கிடையாது.

தேர்வாளர் ஜப்பானில் குடியேறிவிட்ட தமிழர். ஏரிப் பாசன ஆராய்ச்சியில் பெரிய ஆள். அங்கே பொழுது நமக்கு முன்னாலேயே விடிந்துவிடுகிறதே… அதனால் இங்கே காலையிலேயே வீடியோ கால்.

கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எதிர்வீட்டைக் காணோம். அவ்வளவு பனி. அதற்குள்ளிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மல்லிகா அக்கா வந்தார்.

“டீச்சரு, நீங்க தைரியமா உக்காருங்க. பரீட்சை முடியற வரைக்கும் தெருவுல ஒரு தறி ஓடாது. கோயில்லயும் சொல்லி மைக்கை நிறுத்தியாச்சு.”

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“உங்க வூட்டுக்காரரு நேத்து வந்து விஷயத்தைச் சொன்னாரு. நீங்கதான் சத்தம் பேஜாரா கீதுன்னு வாராவாரம் எழுதிகினு கீறீங்களே! நாங்க படிக்கலன்னு நெனச்சீங்களா?”

நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்காக ஒரு தெருவே வேலையை நிறுத்தியிருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் ஒரு கட்டத்தில் என் வழிகாட்டிப் பேராசிரியை. இன்னொரு கட்டத்தில் தேர்வாளர், அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மரம், கூரை, கார் எல்லாம் வெள்ளை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

முதல் கேள்வி சுலபமானது. படவேடு பக்கத்து ஏரிகளில் மதகைத் திறக்குமுன், தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டி ஏன் வயல் வயலாக நடந்துவிட்டு வந்தார்?

என் ஆய்வேட்டின் உயிரே அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வார்த்தை வரவில்லை!

“அது வந்துங்க சார்… அது…”

சுவர்க் கடிகாரம் கேட்டது. ஃபேன் கேட்டது. நான் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. இந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழிகாட்டி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் கவலைப்படும்போது செய்வது. தேர்வாளர் பொறுமையாகக் கேள்வியை வேறு மாதிரி கேட்டார். அதற்கும் ‘அது வந்து’தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நான் தறிச் சத்தத்தில்தானே எழுதினேன்? இத்தனை வருஷத்தில் ஒரு வரியையாவது அமைதியில் யோசித்திருக்கிறேனா?

“ஒரு நிமிஷம் சார்” என்று மியூட் செய்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

“அக்கா! தறியைப் போடுங்க!”

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

“இல்லக்கா, அப்புறம் சொல்றேன். ஜல்தி போடுங்க!”

“இன்னாடா இது கூத்து!” என்று அக்கா சொல்வது கேட்டது. அடுத்து தறி கேட்டது. டடக் டடக் டடக்… சுவர் அதிர்ந்தது, மேஜை அதிர்ந்தது, என் மூளையும் கிளம்பிவிட்டது.

“தண்ணி வேணுமான்னு கேக்கத்தான் சார் அவர் நடந்தாரு. நாத்து நடறவனுக்கு வேணும். அறுப்புக்கு நிக்கிற பயிருக்கு அதே தண்ணி நாசம். கேக்காம மதகைத் திறந்தா அது உபகாரம் இல்லை.”

அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. மேடம்தான் ‘போதும்’ என்று ஜாடை காட்டினார். என்ன சத்தம் அது என்று தேர்வாளர் விசாரித்தார். எங்கள் தெரு என்றேன். “நல்லா இருக்கு. இங்கே பனி பெய்தா ஊரே வாயை மூடிக்கும்” என்று சிரித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். மேடம் “வாழ்த்துகள், டாக்டர்” என்றார். நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் கணவர் என்னை பைக்கில் படவேடு பக்கம் கூட்டிப்போனார். ஏரி நிரம்பி நின்றது. வெயில் இதமாக இருந்தது, ஜவ்வாது மலைமேல் மட்டும் இன்னும் பனி விலகவில்லை. எத்தனையோ தடவை வந்த கரை. ஒரு குறிப்பும் எடுக்காமல் சும்மா பார்த்தது அன்றுதான். “நான் வேற, தெரு முழுக்கப் போய் சொல்லி, உன்னைக் கவுத்துட்டனேம்மா” என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வாராவாரம் சத்தம் சத்தம் என்று எழுதியது நான்தானே?

அன்பு நிறைய இருக்கிறது, நம்மிடம். மதகைத் திறப்பதற்குமுன் ஒரு நடை போய்க் கேட்கத்தான் மறந்துவிடுகிறோம். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நல்ல மனசோடுதான் செய்கிறோம், அதனால் அவர் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

நேற்று மல்லிகா அக்கா வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அவள் தலையைத் தடவிக் கேட்டார்:

“பாப்பா, உனக்குத் தறியை நிறுத்தணுமா, ஓட்டணுமா?”