அக்காவின் காட்டுக்கு விழுந்த மார்க்

எண்பதுகளில் தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளராக இருந்தேன். பென்னாகரம் பக்கம் மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊற்று கொடுக்க ஒரு குட்டை வெட்டுவதாக ஏற்பாடு. இரண்டு இடங்கள் சொல்லப்பட்டன. இரண்டுக்கும் சிபாரிசு வந்துகொண்டே இருந்ததில் எங்கள் அதிகாரிக்கு அலுத்துவிட்டது.

"பரீட்சைக்குப் போடற மாதிரி மார்க் போடுங்க. எது முந்துதோ அது. அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

நானும் உடன் வேலைபார்த்த தோழியும் உட்கார்ந்து எதெதற்கு மார்க் என்று முடிவு செய்தோம். எத்தனை கிணறு ஊறும், எவ்வளவு மரம் விழும், எத்தனை குடும்பம் நிலம் இழக்கும். கிணறுகளுக்கே அதிகம் வைத்தோம். அலுவலகத்தில் முதல்முறையாக நியாயமான ஒன்றைச் செய்கிறோம் என்று எனக்குச் சந்தோஷம்.

வரைபடம் வந்தபோதுதான் தெரிந்தது, முதல் இடத்தில் அக்கா வீட்டுக்காரரின் கடலைக்காடும் இருந்தது. அவர்களுக்கு இருந்த நிலமே அதுதான். அதிகாரியிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க ஒதுங்கிக்குங்கம்மா" என்றார்.

தோழி தனியாகப் போட்டாள். இரண்டாவது இடத்தில் வனத்துறை மரங்கள் நிறைய விழ வேண்டியிருந்ததால், அக்காவின் காடு இருந்த இடமே முந்தியது.

நானே போய்ச் சொன்னேன். மாமா மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நீ ஆபீசுல இருந்துமா எங்க காடு போவுது?" என்றாள் அக்கா.

"நான் அதுல கையே வெக்கலக்கா."

"அதத்தாண்டி கேக்கறேன். ஏன் வெக்கல?"

களி கிண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடச் சொல்லவில்லை.

குட்டை நிறைந்தது. கீழே கிணறுகளில் தண்ணீர் ஏறி, தக்காளி போட ஆரம்பித்தார்கள். அக்காவும் மாமாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். நிலம் இழப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மார்க் கூட்டி வைத்திருக்கலாமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வைத்திருந்தால் மரங்கள் போயிருக்கும், தக்காளிக்காரர்கள் இன்னும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி யோசித்தும் மனம் ஆறவில்லை.

ஒருமுறை பெங்களூருக்குப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே ஒரே அறை. அக்கா காப்பி கொடுத்தாள், குழந்தைகளை விசாரித்தாள். காட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும், "பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு" என்று எழுந்துகொண்டாள்.

மாமாதான் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னலோரம் நின்று, "இந்த வருசம் தண்ணி நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குதுங்க மாமா."

"நிக்கட்டும்" என்றார்.