நெற்றியில் வளர்ந்த வட்டம்

முதலில் அது மிளகளவுதான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைக்கப் போனபோது பார்த்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவே தோல் வெளுத்துக் கிடந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. புள்ளியும் பளிச்சென்று தெரிந்தது.

அவசரமாகப் பொட்டை ஒட்டி மூடினேன். அடுத்த ஏழு மாதமும் அதே அவசரத்தில்தான் இருந்தேன்.

மலையாள தேசத்து ஸ்ரீவராகத்தில் தமிழ் பேசும் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "தீர்க்காயுசு" என்று குரல் வரும். அப்படிப்பட்ட தெருவில் வெள்ளைப் புள்ளி என்பது தோல் சமாசாரம் இல்லை, கல்யாண சமாசாரம். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம், படிப்பு, சம்பளம் எல்லாம் கேட்டு முடித்தபின் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "ஆத்துல யாருக்கும் வெள்ளை கிள்ளைன்னு ஒண்ணும் இல்லையே?" என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது இதே கேள்வியை நானே போனில் கேட்டிருக்கிறேன். மறுமுனையில் பெண்ணின் அம்மா ஒரு நொடி தயங்கினாள். அந்த ஒரு நொடியை வைத்தே அந்த இடம் வேண்டாம் என்று தீர்த்துச் சொன்ன மகராசி நான்தான்.

இப்போது என் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மூன்று இடங்கள் வந்து தட்டிப்போயின. நான்காவதாகப் பாலக்காட்டிலிருந்து ஓர் இடம் வந்தது. பையனும் இவளும் வீடியோவில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. இனிப் பெரியவர்கள் வந்து பார்த்துத் தாம்பூலம் மாற்றினால் போதும். அந்த நேரத்தில் என் நெற்றி இப்படிக் கிடந்தது.

மிளகு மறையக் கடலை அளவில் பொட்டு வாங்கினேன். இரண்டு மாதத்தில் புள்ளி கடலை அளவுக்கு வந்தது. சாலைக் கடைத்தெருவில் வளையல் கடைக்காரரிடம் இன்னும் பெரிய அட்டை கேட்டேன். புள்ளியும் என்னோடு போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது. கடைசியில் ஒரு ரூபாய் நாணயம் போல் சிவப்பு வெல்வெட்டு வட்டத்தை நெற்றியில் சுமந்துகொண்டு திரிந்தேன். அரித்தது. சொறிந்தால் பொட்டு நகரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தூங்கும்போதும் எடுக்கவில்லை. சுமங்கலி நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் நிஜம்.

"என்னடி, நாளுக்கு நாள் பொட்டு பெரிசாயிண்டே போறது? அம்மன் வேஷம் கட்டப் போறயாக்கும்?" என்று ஒருநாள் அவர் கேலி செய்தார். சிரித்து வைத்தேன்.

குளியலறையில் போனை எடுத்துக்கொண்டு போய்ப் படங்கள் பார்ப்பேன். முகம் முழுக்க, கை முழுக்க வெளுத்தவர்களின் படங்கள். குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர் வீணாகிறது என்று கணவர் வெளியிலிருந்து கத்துவார். என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், துண்டைத் தனியாகக் காயப்போட்டேன். பெண் ஆபீஸிலிருந்து வந்ததும் என் மடியில் தலைவைத்துப் படுப்பாள். "வேர்க்கறது, தள்ளிப் படு" என்று விலக்கினேன். இரண்டு நாள் கேட்டுப் பார்த்தாள், மூன்றாம் நாள் வரவில்லை. எனக்கு இனி நல்லது ஒன்றும் நடக்காது என்று முழுமனதாக நம்பினேன்.

பையனின் அம்மா போன் செய்தாள். எல்லாம் பேசிவிட்டு, நான் எதிர்பார்த்திருந்த கேள்வியையும் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லை, கேட்டேளா" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தயங்கினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இரண்டு ஞாயிறு தள்ளி வருவதாகச் சொன்னாள். அதன்பிறகுதான் டாக்டரிடம் போகும் தைரியம் வந்தது. தைரியம்கூட இல்லை, வேறு வழியில்லை.

நகரத்துக்குள் எந்த டாக்டரிடம் போனாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறி நெடுமங்காடு போனேன். மாடிப்படி ஏறும் இடத்தில் மலையாளத்தில் பெரிய போர்டு: தோல் நோய்கள், பால்வினை நோய்கள். இரண்டாவது வரியைப் படித்ததும் கால் நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் இந்தப் படியிலா ஏறுகிறோம் என்று உடம்பு கூசியது. முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு திருடி மாதிரி மேலே போனேன்.

அங்கே வரிசை நாற்காலியில் முதல் ஆளாக எங்கள் தெருக்கோடி வீட்டு மாமா உட்கார்ந்திருந்தார். வாரம் தவறாமல் பஜனை நடத்துபவர். என்னைப் பார்த்ததும் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். எத்தனை நேரம்தான் பார்ப்பது?

"காது வலியாக்கும்," என்றார் அவர், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

"எனக்கும் காதுதான் மாமா," என்றேன்.

அதன்பின் இரண்டு காது வலிக்காரர்களும் முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் பெயரைக் கூப்பிட, காது வலிக்காரர் தோல் டாக்டர் அறைக்குள் போனபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இவர் வீட்டில் போய்ச் சொல்வார், நாளை தெரு முழுக்கத் தெரியும், இந்த இடமும் போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கும் அதே பயம் இருந்திருக்கும் என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

டாக்டர் சின்னப் பெண். என் பெண்ணைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். என்ன தொந்தரவு என்று மலையாளத்தில் கேட்டாள். நெற்றியில் லேசாக அரிப்பு என்றேன்.

"ஆ பொட்டு ஒண்ணு மாற்றாமோ, சேச்சி?"

மாட்டேன் என்று தலையாட்டினேன். பொட்டை எடுக்காமலே மருந்து எழுதித் தரச் சொன்னேன். அவள் சிரித்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடி வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நானே எடுத்தேன். ஏழு மாதமாகக் கணவன்கூடப் பார்க்காத இடம். மேல் துணி போனது போல இருந்தது.

கண்ணைத் திறந்தபோது அவள் என் நெற்றியைப் பார்க்கவில்லை, தன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் நட்டநடுவில் என் பொட்டு ஒட்டியிருந்தது. நாற்பது வருஷமாகக் கண்ணாடியில் ஒட்டிப் பழகிய கை. கண்ணை மூடியிருந்ததில், எதிரே வழவழவென்று கைக்குப் பட்டதில் போய் ஒட்டிவிட்டது. பூமி பிளந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

"ஐயோ டாக்டர், மன்னிக்கணும்" என்று எழுந்தேன். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பொட்டைத் திரையிலிருந்து உரித்துப் பின்பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பிறகு என் நெற்றிக்கு நேரே பிடித்து அளந்தாள். புள்ளியும் பொட்டும் ஒரே அளவு.

"கள்ளன் இதா இரிக்குன்னு," என்றாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். பொட்டின் பசையில் இருக்கும் ஏதோ ரசாயனம் தோலின் நிறத்தைத் தின்றுவிடுகிறது. பெரிய பொட்டு வைத்தால் பெரிதாகத் தின்னும். எத்தனை மணி நேரம் வைப்பேன் என்று கேட்டாள். எடுப்பதே இல்லை என்றேன். உடம்பில் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. இது பரவுகிற வியாதி இல்லை, வெண்புள்ளியாகவே இருந்தாலும் அது ஒருவர் தொட்டு இன்னொருவருக்கு வராது என்று இரண்டு முறை சொன்னாள். சொல்லிக்கொண்டே உறை போடாத விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே இன்னொருவர் கை பட்டு எத்தனை நாளாயிற்று! உடைந்து அழுதேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக எந்தப் போர்டுக்குக் கீழே வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

மறைக்க மறைக்க நானேதான் வளர்த்திருக்கிறேன். அரிப்பு எத்தனையோ தடவை சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

களிம்பு எழுதித் தந்தாள். புண்ணாகிக் கிடப்பதால் இரண்டு மாதம் பொட்டு, குங்குமம், சந்தனம், பவுடர் எதுவும் நெற்றியில் படக் கூடாது என்றாள். நிறம் திரும்பலாம், முழுவதும் திரும்பாமலும் போகலாம். இனி ஒட்டினால் திரும்பவே திரும்பாது.

வெறும் நெற்றியோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை.

அன்று சாயந்திரம் கணவரையும் பெண்ணையும் கூடத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மாதக் கதை பத்து நிமிடத்தில் முடிந்தது. "ஒரு பசைக்குப் போயா இத்தனை அழுகை? என்கிட்டச் சொல்லப்படாதா?" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பெண் எழுந்து வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அவள் தலையை நிமிர்த்திக் கேட்டாள். "அப்போ ஞாயித்துக்கிழமை?"

"என்ன ஞாயித்துக்கிழமை?"

"அவா வராளோல்லியோ அம்மா? இப்படியேவா நிப்பே?"

"பசைன்னு சொல்லலாமே. டாக்டர் எழுதின சீட்டே இருக்கே."

"யாரும்மா நம்புவா? இருக்கறவா எல்லாரும் அப்படித்தானே சொல்லுவா? நீயே நம்ப மாட்டே." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள் ஒட்டிக்கோம்மா. வியாதி இல்லைன்னுதான் ஆயிடுத்தே. ஒரே ஒரு நாள். ப்ளீஸ்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் வாசலில் யாரோ கூப்பிட்டது போல எழுந்து போனார். யாரும் கூப்பிடவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பானேன்? இந்த நெற்றியை இவளுக்காகத்தானே இந்தப் பாடு படுத்தினேன் என்று தோன்றியது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நான் நம்ப மாட்டேன். ஒரு நொடித் தயக்கத்துக்கே ஒரு பெண்ணை வேண்டாம் என்றவள், சீட்டைக் காட்டினால் நம்பியிருப்பேனா? அவளுக்கு இதை வேறு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்த வீட்டில் நான் பேசியதைக் கேட்டு வளர்ந்தவள்தானே.

ஞாயிறன்று ஒட்டிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் களிம்பு தடவி ஆறிவந்த தோல், பசை பட்டதும் திகுதிகுவென்று எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அடுப்புப் புகை என்றேன், எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

அவர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அம்மா நல்ல மனுஷி, அதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். தாம்பூலம் மாற்றியானதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நெத்தி நெறைய எவ்வளவு லட்சணமாப் பொட்டு வெச்சிண்டிருக்கேள்! இந்தக் காலத்துல யார் வெச்சுக்கறா? பொண்ணையும் அப்படியே வளர்த்திருக்கேள், பாத்தாலே தெரியறது," என்றாள்.

அப்போதுதான் என் பெண்ணைச் சரியாகப் பார்த்தேன். ஆபீஸுக்குப் பொட்டே வைக்காமல் போகிறவள். அன்று பட்டுப்புடவை கட்டி, காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் நெற்றியில் சிவப்பு வெல்வெட்டு வட்டம், என் அட்டையிலிருந்து எடுத்தது. கல்யாணம் ஆகிப் போனால் அந்த வீட்டில் தினமும் அதை எதிர்பார்ப்பார்கள். எடுத்து எறிடி என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"ஆமாம்," என்றேன்.