கனகராயன்குளத்தில் சிவப்புத் தண்ணீரை வெயிலில் வைத்த கதை

சாயத் தண்ணீரை வெயிலைக் கொண்டே சுத்தமாக்கலாம் என்று என் சிநேகிதி மாலினி சொன்னபோது சிரித்துவிட்டேன். அவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். "நம்பாட்டில் வந்து பாரடி" என்றாள். போன ஆவணியில் அவளோடு போனேன்.

வவுனியாவில் காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சி பஸ். கனகராயன்குளம் நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இறங்குமிடத்தை நடத்துநரிடம் முதலே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மாங்குளத்தில்தான் முழிப்பீர்கள். (முழித்திருக்கிறேன்.)

யோகம் அக்காவின் சாயக் கொட்டில் கண்டி வீதியிலிருந்து பத்து நிமிட நடை. சேலை நூலுக்குச் சாயம் போடுகிறார். கழிவுத் தண்ணீர் வாய்க்கால் வழியே பக்கத்துக் காணி ராசையா அண்ணனின் மிளகாய்த் தோட்டத்துக்குள் போகிறது. அவர் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி உண்டாக்கிய தோட்டம். இனியும் சிவப்புத் தண்ணீர் வந்தால் கொட்டிலைப் பூட்டத்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

வெள்ளைப் பெயின்றில் இருக்கும் தைத்தேனியப் (டைட்டேனியம்) பொருளைக் கண்ணுக்கே தெரியாத நுண்துகளாக்கி, ஓடுகளில் பூசி, ஆழமில்லாத தொட்டிகளில் பதித்திருந்தாள் மாலினி. வெயில் பட்டால் அது சாயத்தைச் சிதைக்கும். ஆனால் முந்தினநாள் காலையே யோகம் அக்கா ஊற்றிய தண்ணீர் இன்னும் பீற்றூட் அவித்த நிறத்தில் கிடந்தது. மாலினிக்கு முகம் வாடிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், தொட்டிகளுக்கு மேலே தென்னோலைக் கிடுகால் அழகான பந்தல்!

"உந்தப் பந்தலை ஆர் போட்டது?" என்றாள் மாலினி.

"நான்தான் பிள்ளை. வெயில் பட்டால் சாயம் வெளிறிப்போகுமெல்லே?" என்றார் யோகம் அக்கா.

"ஐயோ அக்கா, வெளிறத்தானே வைச்சனாங்கள்!"

சாயம் போட்ட நூலை வாழ்நாள் முழுக்க நிழலில் உலர்த்திய கை, வேறென்ன செய்யும்? மூவரும் வயிறு நோகச் சிரித்தபடி பந்தலைப் பிரித்தோம். அந்த மனுசியை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

மத்தியானம் தண்ணீர் ரோஸ் நிறமானது. நான்கு மணிக்கு அடியில் ஓடு தெரிந்தது. ராசையா அண்ணன் குனிந்து கனநேரம் பார்த்தார். நிறம் போனால் மட்டும் போதாது, சோதித்துப் பார்த்த பிறகுதான் வாய்க்காலில் விடலாம் என்று மாலினி போத்தலில் தண்ணீர் எடுத்தாள்.

"சரி, சோதிச்சு முடியட்டும். அதுவரைக்கும் தொட்டியிலேயே ஊத்துங்க, கொட்டிலைப் பூட்ட வேணாம்" என்றார் அவர். யோகம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

போக நினைப்பவர்கள் மாரிக்கு முன்னர் போங்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். யோகம் அக்காவின் தேத்தண்ணியிலிருந்து தப்ப முடியாது, முயலவும் வேண்டாம்.

விடைபெறும்போது அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருசமும் வெயிலைத் திட்டியே பழகியவர், மெதுவாகச் சொன்னார்:

"நாளைக்கும் வெயில் நல்லா எறிக்கவேணும்."