சலவைக்கடைப் பெண்ணின் விவசாயப் பரம்பரை

பம்பரத்துக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. பின்னே, இயக்குநர் நாற்காலி என்றால் சும்மாவா! கம்பெனித் தலைவர் காலையில் கூப்பிட்டு, "வர்ற கூட்டத்துல உன் பேரைச் சொல்லப்போறோம்மா. முதலீட்டாளர்ங்களும் நிலச்சொந்தக்காரங்களும் கை தூக்கிட்டா நீயும் எங்களோட மேடையில உக்காந்துடலாம்" என்றார். "சரிங்க சார்" என்று பூனை மாதிரி வெளியே வந்தவள், மாடிப்படியில் ஆள் இல்லை என்று நினைத்து ஒரு குதி குதித்தாள். கீழே டிரைவர் நின்றிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னொரு குதியும் குதித்தாள்.

அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் பணத்தைப் போட்டு, ஆரஞ்சு வளர்த்துக் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். தோட்டங்கள் அத்தனையும் இவள் பொறுப்பு. ஒரு தோட்டத்தில் காலை வைத்தால் சுற்றிக்கொண்டே இருப்பாள் என்பதால் யாரோ வைத்த பம்பரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

இவ்வளவு பொறுப்பு இருந்தும் ஒரு மரத்தை வெட்டவோ வைக்கவோ அவளுக்கு அதிகாரம் இல்லை. யார் எதைக் கேட்டாலும், "மேல கேட்டுச் சொல்றேங்க" என்பதுதான் பதில். அதிலும் மலைச்சரிவுத் தோட்டத்துச் சொந்தக்காரி இருக்கிறாரே, அந்த அம்மாள் விடாக்கண்டர். "சரியா காய்க்கலேன்னு கீழ்ச்சரிவு மரத்த உங்க ஆபீஸ்ல வெட்டச் சொல்றாங்களாமே, வெட்டணுமா வேணாமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். வேண்டாம் என்பது இவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? "மேல கேட்டுச் சொல்றேங்க." ஏழு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் கசந்துபோயிருந்தது. அந்த நாற்காலி மட்டும் கிடைத்துவிட்டால் போதும், பிறகு இந்த வாக்கியத்தைத் தலைமுழுகிவிடலாம்.

மத்தியானம் விளம்பரப் பிரிவுத் தம்பி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று கம்பெனி இணையதளத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. அதையெல்லாம் எழுதுகிறவன் அவன்தான்.

"சொல்லுங்கக்கா, விவசாயக் குடும்பம்தானே?"

"சலவைக்கடைப்பா. கீழே கடை, மாடியில வீடு."

தம்பியின் முகம் தொங்கிப்போனது. "ஐயோ அக்கா! நம்ம தலைவர் மூணு தலைமுறை விவசாயம். நிதி இயக்குநர் வயக்காட்டுல ஓடி விளையாடினவர். நீங்க மட்டும் இஸ்திரிப்பெட்டின்னா எப்படி? தோட்டத்தப் பாத்துக்கறதே நீங்கதான். வீட்ல ஒரு செடி கொடியாச்சும் இருந்துச்சா?"

"ஒரே ஒரு மணிபிளான்ட் இருந்துச்சு. செத்துப்போச்சு."

"யாரு பாத்துக்கிட்டது?"

"நான்தான்."

"இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா" என்று கும்பிட்டுவிட்டு அவனே எழுத ஆரம்பித்தான்.

உண்மையைச் சொன்னால் அவள் விவசாயக் கல்லூரிக்குப் போனதே வேறு எங்கும் இடம் கிடைக்காததால்தான். அழுதுகொண்டேதான் போனாள். முதல் வருஷம் ஒரு எலுமிச்சை நாற்றில் ஆரஞ்சு மொட்டைச் செருகி ஒட்டுக் கட்டச் சொன்னார்கள். வேண்டாவெறுப்பாகக் கட்டினாள். சில வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், அடடா, மொட்டு பச்சையாக உயிரோடு இருக்கிறது! "பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் ஆசிரியர் பாம்போ என்று பயந்து ஓடிவந்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. இது எதையும் தம்பி எழுதவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குச் சட்டை வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு டைரக்டர் ஆகுறா" என்று சொல்லித்தான் சட்டையையே கொடுத்தார். சினிமாவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கும், "இருக்கும் இருக்கும்" என்றிருக்கிறார் மனிதர்!

"அப்பா, இன்னும் கை தூக்கலப்பா!"

"தூக்காம? அதுக்குத்தானே கை இருக்கு?"

கூட்டத்தன்று அவளுடைய கோட்டை அவரே தேய்த்துக் கொடுத்தார். கணவரும் அப்பாவும் விருந்தினர் வரிசையில் முன்னாலேயே இடம் பிடித்துக்கொண்டார்கள். மண்டபம் நிறைய முதலீட்டாளர்களும் நிலச்சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் வந்த வழியைச் சொல்வது அந்தக் கம்பெனி வழக்கம். தலைவர் மண்வாசனையைப் பற்றிச் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. நிதி இயக்குநர் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கியதைச் சொன்னார். பலத்த கைதட்டல். கடைசியாகப் பம்பரம் எழுந்தாள். அவளுக்கு ஒரு வியாதி உண்டு, பயம் வந்தால் கூடவே சிரிப்பும் வந்துவிடும். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு தம்பி எழுதிக் கொடுத்ததை வாசித்தாள்.

"தந்தையின் தோளில் அமர்ந்து வயல் வரப்புகளைச் சுற்றி வந்த அந்த நாட்களில்..."

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "இது யாரு மாப்ள? எங்கிட்ட ஏது வரப்பு?"

அவ்வளவுதான். பம்பரத்துக்கு முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அணை உடைந்தமாதிரி சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "மன்னி... மன்னிச்சுக்கங்க" என்று சொல்லப்போய் மறுபடி சிரித்தாள். முன்வரிசையில் யாரோ தொற்றிக்கொண்டு சிரித்தார்கள். விளம்பரத் தம்பி மைக் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். எல்லாம் போச்சு, நாற்காலியும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு என்று உள்ளுக்குள் அவளுக்கு அழுகையாக வந்தது. வெளியே சிரிப்பு நின்றபாடில்லை.

ஒருவழியாக மூச்சுப் பிடித்துக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"பொய்ங்க. எங்கப்பாவுக்குச் சலவைக்கடை. நான் பொறந்து வளந்தது அதுக்கு மேல் மாடியில. எங்களுக்குன்னு ஒரு சாண் நிலம் கிடையாது. ஒரே ஒரு மணிபிளான்ட் வெச்சிருந்தோம், அதையும் நான் கொன்னுட்டேன்."

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும் முன்னால் மேடையில் நிதி இயக்குநர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "சொல்லிடறேன். எங்கப்பா செருப்புக்கடை வெச்சிருந்தாரு. அந்தக் கன்னுக்குட்டி தம்பியோட கற்பனை." அடுத்து இன்னொருவர், தன் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள் என்றார். எல்லோர் கண்ணும் தலைவர் மேல் போனது. அவர் அசடு வழியச் சிரித்து, "பல் டாக்டர்" என்றார். "மூணு தலைமுறையா."

ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மலைச்சரிவுத் தோட்டத்து அம்மாள் எழுந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்த்ததும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"செருப்புக்கடை, பல் டாக்டர், வாத்தியார். எல்லாம் சரிங்க. எங்கிட்ட இருக்கறது அந்த ஒரு தோட்டம்தான். அப்ப என் மரத்த யாருதான் பாத்துக்கறீங்க?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகப் பம்பரத்தைப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நான்தாங்க" என்றாள்.

"அது எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அம்மாள் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். பின்வரிசைகள் தூக்கின. ஓட்டில்லாத அப்பா இரண்டு கையையும் தூக்கினார். மாப்பிள்ளை ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கினார். தலைவர் எழுந்து, தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காரும்மா" என்றார். பம்பரம் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

அம்மாள் இன்னும் உட்காரவில்லை.

"அப்ப இங்கயே கேட்டுடறேன். கீழ்ச்சரிவு மரத்த வெட்டணுமா வேணாமா?"

"மேல கே..." என்று ஆரம்பித்தவள், பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பித் தலைவரைப் பார்த்தாள். அவர் இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் நிதி இயக்குநரும் இவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு மேலே வேறு யாரும் இல்லை.

"வெட்ட வேணாங்க" என்றாள். "ரெண்டு வருஷத்துல நல்லா காய்க்கும். காய்க்கலேன்னா என்னைக் கேளுங்க."