எட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

மேசையை ஆட்டி நில அதிர்வைக் காட்டிக்கொண்டிருந்தபோது அதன் கால் கழன்று விழுந்தது. எழுவைதீவு மண்டபமே சிரித்தது. தீவுகளுக்குப் போய் நில அதிர்வையும் கடற்பேரலையையும் விளக்குவதும், எச்சரிக்கை வந்தால் அறிவிப்பதும் என் வேலை. தெரியாததைத் தெரிந்தவர்போல ஊருக்கு முன்னால் நின்று சொல்லச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த வெட்கம் விளங்கும்.

அளவு

மேசையை நிமிர்த்திவிட்டுத் தொடர்ந்தேன். நில அதிர்வின் அளவு ஒன்றால் கூடினால் அசைவு பத்து மடங்கு. வெளிவரும் சக்தி ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு. மீன்பிடிக்கிற சூசை அண்ணை கையை உயர்த்தினார். எட்டு என்றால் எங்கள் கரைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டார். அது அதிர்வின் ஆழம், தூரம், கடலடி மேலே எழும்பியதா பக்கமாக நகர்ந்ததா என்பவற்றைப் பொறுத்தது என்றேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்த எட்டை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது, தம்பி?"

மேடு

உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. வாசித்தும்விட்டேன். பிறகுதான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பனைகளையும் கோயில் கோபுரத்தையும் விட்டால் மிச்சமெல்லாம் கடல் மட்டம்.

சூசை அண்ணையின் மனைவி திரேசா அக்கா கேட்டார்: "உயரமான இடத்தையும் வரேக்கை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வந்தனீரோ?"

எத்தனை

அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது நில அதிர்வு அறிவித்தல்கள் வந்து என் கைத்தொலைபேசி ஓயாமல் அதிர்ந்தது. உலகில் நாளாந்தம் நூற்றுக்கணக்கில் சிறிய அதிர்வுகள் வரும், ஏழுக்கு மேலே வருடத்துக்குப் பதினைந்து வரையில், எட்டுக்கு மேலே சராசரியாக ஒன்று என்று விளக்கினேன். பயத்தைப் போக்குவதாக நினைப்பு.

"உந்தப் போன் சத்தம் போடாமல் கிடந்தால் எங்களுக்குச் சொல்லும்," என்றார் திரேசா அக்கா. "அப்ப பயப்பிடுவம்."

வலை

ஒருநாள் இந்தோனேசியக் கடலில் அதிர்வு. முதல் கணிப்பு எட்டுக்கு மேலே. நான் பொறுக்கவில்லை, கடலில் நின்ற சூசை அண்ணைக்கே அழைத்தேன். விரித்த வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார். முதல் கணிப்பு அதிர்வைப் பதியும் சில நிலையங்களை மட்டும் வைத்துச் சொல்வது. மற்றவற்றின் பதிவுகளும் சேர்ந்தபோது அளவு குறைந்தது. கடலடி பக்கமாகத்தான் நகர்ந்திருந்தது. தண்ணீர் வரவில்லை. அவர் திரும்பிப் போனபோது வலையின் மிதவைகூட இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். சூசை அண்ணை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிழை உம்மடை இல்லை. ஆனால் இனி நீர் கூப்பிட்டால், வலையை ஏத்திப்போட்டுத்தான் வருவன்."

அடுத்த தடவை உண்மையாகவே அலை வந்தால், வலை ஏற்றும் நேரத்தில் அவர் கடலில் நிற்பார்.

தெரியாது

பிறகொரு பின்னேரம் அவர்கள் முற்றத்தில் நின்றேன். சூசை அண்ணை வள்ளத்துக்கு ஊற்ற எண்ணெய்க் கானோடு கரைக்குப் புறப்பட்டிருந்தார். தொலைபேசி அதிர்ந்தது. அதே கடல், ஏழரை.

"இது மாறலாம், அண்ணை. தண்ணி வருமோ எண்டு எனக்குத் தெரியாது. போகாதையுங்கோ எண்டு சொல்ல வெக்கமாயிருக்கு. போங்கோ எண்டும் சொல்ல ஏலாது."

"அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம்," என்றார் திரேசா அக்கா.

இந்த வேலையில் நான் திருத்தமாகச் சொன்ன ஒரே அறிவித்தல் அந்தத் 'தெரியாது'தான். திரேசா அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். சூசை அண்ணை எண்ணெய்க் கானைச் சுவரோரம் வைத்து, மூடியை இறுக்கினார்.