குன்னூர் நம்பர் வண்டியும் பாண்டிப் பனியும்

2005 ஜனவரி, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, மாலை ஏழேகால் மணிக்குப் புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். குன்னூரில் விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து மட்டும் முந்நூற்றெண்பது கிலோமீட்டர், டிக்கெட் நூற்று முப்பது ரூபாய். காலையில் போட்ட ஸ்வெட்டரைச் சேலத்தில் கழற்றினேன். இறங்கிப் பார்த்தால், எதிரே நின்ற டெம்போ டிரைவர் காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார்.

"இன்னா சார், ஸ்வெட்டர கையில வச்சிருக்கீங்க? பனி எறங்குதுல்ல" என்றார்.

எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை நான்கு ரூபாய். அங்கிருந்து கருவடிக்குப்பத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை.

நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போனேன். என் தங்கை மாலதியின் கல்யாணத்துக்குப் புது வண்டி தருவதாகச் சொல்லி, கை கூடாமல், மூன்று வருடம் நான் ஓட்டிய நூறு சிசி வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தேன். குன்னூர்க் குளிரில் இரண்டாவது உதைக்குக் கிளம்பிய வண்டி அது. மூன்று வருடமாகப் பாண்டியில், அதுவும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மட்டும், காலையில் எடுப்பதில்லையாம். மாப்பிள்ளை குமரேசனுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு பைப் கம்பெனியில் வேலை. (மேட்டுப்பாளையம் என்றதும் முதலில் எங்கள் மலையடிவார ஊர் என்றே நினைத்துக் குழம்பினேன். பாண்டியிலும் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர்.) முதல் ஷிப்ட் காலை ஆறு மணி. பொங்கலுக்குள் இன்னொரு முறை தாமதமானால் நிரந்தரமாக்கும் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மாலதி போனில் சொன்னாள். அடுத்த நாளே லீவு எழுதிக் கொடுத்தேன். குளிரில் வண்டி எடுப்பதைப் பற்றி ஒரு குன்னூர்க்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

மறுநாள் காலை நாலே முக்கால். வாசலில் கிக்கர் அடிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மெல்லிய பனிமூட்டம், தெருவிளக்கைச் சுற்றி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இருபது டிகிரிக்குக் குறைந்திருக்காது. வண்டியை உதைத்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை இல்லை. நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு மாலதி.

"நீ எதுக்கு உதைக்கிற?"

"அவரு குளிக்கிறதுக்குள்ள சூடு பண்ணி வச்சிடுவேண்ணா. ஒரு இருபது உதை, முப்பது உதையில எடுத்துக்கும்."

"தினமுமா?"

"பனி இருக்கிற வரைக்கும். அவரு வந்து உதைச்சு எடுக்கலன்னா வண்டி குடுத்த உன்னப் பேசுவாரு. அது எதுக்கு?"

இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. "தள்ளு" என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினேன்.

எங்கள் ஊர் முறைப்படி சாவியைப் போடாமல் மூன்று உதை, பிறகு சோக்கை முழுக்க இழுத்து, சாவியைப் போட்டு ஒரே அழுத்து. வண்டி பிடித்தது. மாலதியைப் பெருமையாகப் பார்த்தேன். சோக்கை விட்டதும் செத்துவிட்டது. மறுபடி இழுத்தேன், பிடித்தது, விட்டேன், செத்தது. விடாமலே வைத்து உதைத்ததில் பிளக் நனைந்து, அப்புறம் இருமல்கூட வரவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். எடுக்கவில்லை. குன்னூர்க் குளிரில் பாதிகூட இல்லாத ஊரில், அதே வண்டி, அதே கால். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் பக்கம் இந்த நிலையில் வண்டியை இறக்கத்தில் விட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவோம். குன்னூரில் எல்லா வண்டியும் மூக்கை இறக்கத்தைப் பார்த்தபடிதான் நிற்கும். தெருக்கோடிவரை போய் இரண்டு பக்கமும் பார்த்தேன். கருவடிக்குப்பம் மேஜைமேல் விரித்த துணி மாதிரி கிடந்தது. கடைசியில் மாப்பிள்ளை ஏறி உட்கார, நான் பின்னால் தள்ளிக்கொண்டு ஓட, நாய்கள் இரண்டு எங்களைத் துரத்த, மூன்று தெரு சுற்றி வந்தோம். மணி ஐந்து நாற்பது.

மாப்பிள்ளை வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "வுடுங்க மச்சான். நான் டெம்போவுல போறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் ஓடினார். வழக்கமாக மாலதி எப்படியோ எடுத்துக் கொடுத்துவிடும் வண்டியை நான் வந்து எடுக்க விடாமல் செய்துவிட்டேன். உள்ளே மாலதி பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

ஏழு மணிக்கு வெயில் பட்டதும் வண்டி தானாகவே எடுத்துக்கொண்டது. மிஷன் வீதிப் பக்கம் நல்ல மெக்கானிக் இருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். கிளம்பினேன். பாண்டி வீதிகளெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவை. வழி தவறவே முடியாது என்பார்கள். எல்லாம் நேராக இருப்பதால்தான் நான் தவறினேன். எங்கள் ஊரில் திருப்பத்துக்குத் திருப்பம் ஓர் அடையாளம் இருக்கும். இங்கே ஒவ்வொரு முனையும் முந்தைய முனையைப் போலவே இருந்தது. ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்தால் வண்டி நின்றது. ஒரே மஞ்சள் சுவரை மூன்றாவது முறை பார்த்தபோது இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

எதிரே ஒரு பெரியவர் கம்பளிக் குல்லாய், மப்ளர், முழுக்கை ஸ்வெட்டர் சகிதம் நடந்து வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள்.

"பனியில எந்த வண்டியும் எடுக்காது தம்பி" என்றார்.

"இதெல்லாம் ஒரு பனியாங்க? நான் குன்னூர்."

"நான் பிரான்சுல மைனஸ் பத்துல காவலுக்கு நின்னவன். அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. இந்தப் பனிதான் ஒடம்புக்கு ஆவாது" என்று மூக்கை உறிஞ்சினார்.

இதற்குமேல் குழம்ப என்னிடம் இடமில்லை. அவரே கூட நடந்து வந்து, இரண்டு முனை தாண்டி ஒரு சிறிய பட்டறையில் விட்டுவிட்டுப் போனார்.

மெக்கானிக் மரியதாஸுக்கு ஐம்பது வயது இருக்கும். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "நாப்பத்தி மூணா? நீலகிரி வண்டியாச்சே. இங்க இன்னா பண்ணுது?" நான் கதையைச் சொன்னேன். இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார். நான்கு பேர் என்று மாலதி சொல்லியிருந்தாள்.

"மத்தியானம் கொண்டாந்து காட்டியிருப்பாங்க. மத்தியானத்துல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்."

கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளேயிருந்து நெல்மணி அளவில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பெட்ரோல் அளவாக இறங்குவதற்கான ஜெட் அது. அதன் தலையிலிருந்த எண்ணை லென்ஸ் வைத்துப் படித்தார். பிறகு டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இது சின்ன ஜெட் சார். மலைல காத்து கம்மி, அதுக்குத் தக்கன பெட்ரோலைக் கம்மி பண்ணிப் போடுறது. இங்க கடலோரம், காத்து அதிகம். பெட்ரோல் பத்தல. வெயில்ல சமாளிச்சிடும், பனியில எங்க எடுக்கும்? இத யாரு போட்டது?"

யார் போட்டது என்று எனக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில் கறுப்புப் புகை தள்ளுகிறது, மைலேஜ் இல்லை என்று குன்னூர் பட்டறையில் மணிக்கணக்காக நின்று மாற்றச் சொன்னவன் நான்தான். அப்புறம் அதை அடியோடு மறந்துவிட்டேன். கல்யாணத்துக்குக் கொடுத்தபோது பெட்ரோல் டாங்கைக்கூடப் பாலிஷ் போட்ட எனக்கு, இது நினைவுக்கே வரவில்லை.

"யாரோ" என்றேன்.

ஜெட்டும் கூலியும் சேர்த்துத் தொண்ணூறு ரூபாய். திரும்பும் வழியில் வண்டி எந்த முனையிலும் நிற்கவில்லை. நான்தான் இரண்டு முறை நிறுத்தி, வீட்டில் என்ன சொல்வதென்று யோசித்தேன். ஜெட்டில் அடைப்பு என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாலை மூன்றரைக்கு மாப்பிள்ளை வந்தார். பத்து நிமிடம் தாமதமாம். "சூப்பர்வைசர் எழுதிக்கல. நாளைக்கு நேரத்துக்கு வா, பார்க்கலாம்னாரு" என்றார். மாலதி கடைக்குப் போயிருந்தாள். அவர் முகத்தில் பகல் முழுக்கப் பயந்த களைப்பு இருந்தது. அடைப்பு என்று சொல்ல வாயெடுத்தவன், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். பழைய ஜெட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அதை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "இத்தினியூண்டா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்கிட்ட ஏன் மச்சான் சொல்றீங்க? நான் வாயால பேசினதோட சரி. மூணு வருசமா உதைச்சது அவ. அவகிட்ட சொல்லுங்க."

மாலதி வந்தாள், இட்லி ஊற்றினாள், என் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தாள். ஜெட் விஷயத்தை நான் சொல்லவில்லை. பட்டறையில் சரி செய்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை நாலே முக்காலுக்கு வழக்கம்போல அவள் எழுந்து போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். நேற்றைவிடப் பனி அதிகம். சீட்டைத் துண்டால் துடைத்தாள். ஒரு உதை. வண்டி கிளம்பிவிட்டது. அவள் காலை எடுக்காமல் அப்படியே நின்றாள். சாவியைத் திருப்பி அணைத்தாள். மறுபடி உதைத்தாள், கிளம்பியது. அணைத்தாள். நான்கு முறை இப்படிச் செய்தாள். என்னால் வெளியே போக முடியவில்லை.

ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளை ஓட்ட, வண்டியைத் திருப்பிக் கொண்டுவர நான் பின்னால் ஏறினேன். கோரிமேட்டுப் பாதையில் ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்குமேல் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஈரக் காற்று கழுத்துக்குள் இறங்கி எலும்பைத் தொட்டது. சொல்தா சொன்னதில் ஏதோ இருக்கிறது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். ஐந்து முப்பத்தெட்டுக்குக் கம்பெனி வாசல். மாப்பிள்ளை கார்டு அடித்துவிட்டுக் கேட்டுக்குள்ளிருந்து கையாட்டினார். சிரித்த மாதிரி இருந்தது.

எட்டு மணிக்கு எனக்குப் பஸ். மாலதி டெம்போ ஏற்றிவிட மணிக்கூண்டு வரை கூடவே நடந்தாள். நடையில் வலது காலைக் கொஞ்சம் பார்த்து வைத்தாள். முந்தைய இரண்டு நாளும் அதைக் கவனிக்காத என்னைச் செருப்பால் அடிக்கலாம். அங்கேயே நின்று ஜெட் கதையைச் சொன்னேன். யார் போட்டது என்பதையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் உதைச்சதுல தப்பில்லையாண்ணா?" என்றாள்.

"இல்லம்மா. யார் உதைச்சாலும் அப்படித்தான்."

"எனக்குத்தான் பக்குவம் வரலன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

டெம்போ வந்து நின்றது. "பஸ்ஸ விட்டுடாதண்ணா" என்று என் பையை உள்ளே வைத்தாள். குன்னூரில் வண்டி எடுக்காவிட்டால் நாங்கள் வண்டியைத் திட்டுவோம். இங்கே என் தங்கை மூன்று பனிக்காலமாகத் தன்னைத் திட்டிக்கொண்டு உதைத்திருக்கிறாள்.