தண்டவாளத்தோரம் வைத்த சோற்றுப் பார்சல்

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து என் தம்பி இறந்தபோது, கொழும்பிலிருந்து அங்கே போகும் பாதை பூட்டியிருந்தது. அவன் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள், அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்போடு சோற்றைப் பேப்பரில் சுற்றி, காகத்துக்கு வைக்க வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனேன். தண்டவாளத்தோரக் கல்லொன்றில் பார்சலை வைத்தேன். ஆள் நின்றால் காகம் வராதென்று விலகி நடந்தேன்.

சண்டை நடக்கும் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் ரயில் பாதையில் பார்சலை வைத்துவிட்டு விலகினால் என்ன நினைப்பார்கள்? எனக்கு அது உறைக்கவேயில்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் துவக்கை நீட்டிக் கத்தினான். "பத், மாத்தயா, பத்!" என்று நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன்; சோறுதான் ஐயா, சோறு என்று. அவன் நம்பவில்லை.

அந்த நேரம் ஒரு தெருநாய் ஓடிவந்து பேப்பரைக் கிழித்துச் சாப்பிடத் தொடங்கியது. துவக்கு தாழ்ந்தது.

"இனி அங்கால போகாதேங்கோ அக்கா. நாய் வாய் வைச்ச படையல் சேராது" என்றார், நான் வீடு திரும்பியதும் நடந்ததைக் கேட்ட பக்கத்து ஃபிளாட் பெண்.

"பசியோட வந்த சீவன் சாப்பிட்டது தம்பிக்குச் சேராட்டில், பிறகென்ன படையல்?" என்றேன்.

அன்றே ஒரு கொப்பி வாங்கி, நடந்ததையெல்லாம் தம்பிக்கு எழுதினேன். விட்டுப்போனதற்குத் திட்டியும் எழுதினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதும் வெள்ளிதோறும் அதே கல்லுக்குப் போகிறேன். சோற்றைச் சுற்றுவதில்லை; வாழையிலையில் திறந்தபடி கொண்டுபோகிறேன். காகத்துக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. வைத்துவிட்டு விலகுவதுமில்லை. பக்கத்திலேயே இருந்து கொப்பியில் எழுதுகிறேன். காகம் பழகிவிட்டது. சிப்பாயும் பழகட்டும்.